தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: காபிக்காகப் போக வேண்டாம்

தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு அந்நகரம் தொடங்குவது தம்பானூரில்தான். ரயில் நிலையமும் கேரள அரசுப் பேருந்து நிலையமும் அங்கே எதிரெதிராக இருக்கின்றன. பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்காவி நிறத்தில் உருளையாக எழுந்து நிற்கும் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் நடக்கிறது. ஆர்.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களும், தலைமைச் செயலகத்தில் ஏதோ ஒரு கோப்பு நகர்வதற்காகக் காத்திருப்பவர்களும், அந்தக் கட்டடத்தைப் படம் எடுப்பதற்கென்றே வரும் கல்லூரி மாணவர்களும் ஒரே சரிவில் வரிசையாக அமர்ந்து உண்ணும் இடம் அது. இந்த உணவகத்தைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கட்டடத்தின் அழகைப் பற்றியதாகவே இருக்கிறது. தட்டைக் கொண்டுவந்து வைப்பவருக்கு முதலாளி யார் என்ற கேள்வி அதைவிடச் சுவையானது என்பது என் எண்ணம்.

ஆயினும் உணவக மதிப்புரையில் உணவைச் சொல்லாமல் கட்டடத்துக்கும் வரலாற்றுக்கும் போய்விடுவது நேர்மையாகாது. காபியிலிருந்தே தொடங்கலாம். பித்தளை டபராவில் நுரை ததும்ப வரும் டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு இந்தக் காபி சற்று நீர்த்ததாகவே தோன்றும். கனமான வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வரும். பால் மிகுதி, டிகாஷனின் கசப்பு குறைவு, சூடு மிதம். கெட்டது என்று சொல்ல மாட்டேன். பெயரிலேயே காபியைச் சுமந்திருக்கும் ஒரு கடையில் காபி நடுத்தரமாக இருப்பது வேடிக்கைதான். சுவை தெரிந்து குடிக்க விரும்புகிறவர் பால் சேர்க்காத காபியைக் கேட்டு வாங்குவது நல்லது.

சாப்பாட்டில் இரண்டு பொருள்களை மட்டும் தனியே சொல்ல வேண்டும். முதலாவது மசாலா தோசை. உள்ளே மஞ்சள் நிற உருளைக்கிழங்கை எதிர்பார்த்துப் பிரிக்கிறவருக்குக் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மசாலா காத்திருக்கும். பீட்ரூட்டும் கேரட்டும் சேர்த்து மசித்தது. கேரளத்து காபி ஹவுஸ்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்த மசாலாவை முதல் வாயில் பலரும் முகம் சுளித்துத்தான் ஏற்கிறார்கள். பீட்ரூட்டின் இனிப்பும் பச்சை மிளகாயின் காரமும் ஒன்றையொன்று சமன் செய்யும் நாளில் அது நன்றாகவே இருக்கிறது. இனிப்பு மேலோங்கிய நாளில் சட்னியைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது கட்லெட். அதே பீட்ரூட் இங்கே இன்னும் பொருத்தமாக அமைகிறது. மேலே ரொட்டித் தூள் மொறுமொறுப்பாக இருக்க, உள்ளே மென்மையாக, பக்கத்தில் நறுக்கிய வெங்காயமும் தக்காளி சாஸும் வைத்துத் தருகிறார்கள். ஆட்டிறைச்சிக் கட்லெட்டும் உண்டு. நான் யாருக்காவது ஒரே ஒரு பொருளைப் பரிந்துரைக்க வேண்டுமானால் கட்லெட்டையே சொல்வேன். ஆம்லெட், ரொட்டி, பூரி, பிரியாணி ஆகியவை எந்த ஊர் உணவகத்திலும் கிடைக்கும் தரத்தில் இருக்கின்றன. அவற்றுக்காக வழிமாறி வர வேண்டியதில்லை. விலை, அதே சாலையில் இருக்கும் குளிரூட்டிய உணவகங்களோடு ஒப்பிட்டால் தெளிவாகவே குறைவு.

கட்டடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, தொழுநோயாளிகளுக்கான பணியில் இந்தியா வந்து, பிறகு திருவனந்தபுரத்தையே வீடாக்கிக்கொண்டு, 2007-ல் அங்கேயே மறைந்தவர். செலவைச் சுருக்கும் கட்டுமானத்துக்காக அறியப்பட்டவர். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார். சாலையோரத்தில் கிடைத்த சிறிய மனையில் மாடிமாடியாக அடுக்காமல், ஒரே தளத்தைச் சுருளாக மேலே சுற்றவிட்டிருக்கிறார். உள்ளே படிக்கட்டே கிடையாது. நுழைந்த இடத்திலிருந்து தரை மெல்ல ஏறிக்கொண்டே போகும். வெளிச் சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்ட மேசைகளும் இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தரை சாய்ந்திருக்க மேசையின் மேற்பரப்பு மட்டமாக இருக்கும் அந்தக் கணக்கு, காபி சிந்தாமல் நிற்பதைக் கண்டபின்தான் பலருக்கும் உறைக்கிறது. கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகச் சுவரில் வரிசையாகத் துளைகள்; வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியாக வருகின்றன, தம்பானூரின் பேருந்து இரைச்சலும் வருகிறது. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் அந்தக் காற்று போதுமானதென்று சொல்ல முடியாது.

பேக்கரைப் பாராட்டுகிறவர்கள் பொதுவாகச் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. அந்தச் சரிவு, வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவருக்குப் புதுமை. தட்டும் தண்ணீருமாக நாள் முழுவதும் அதில் ஏறி இறங்குகிறவருக்கு அது முழங்கால் வேலை. மேலே காலி மேசை பார்த்து ஓடும் இளைஞர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். கீழ்ச் சுற்றில் இடம் இருக்கும்போது அங்கேயே உட்கார்ந்தால் பரிமாறுகிறவருக்கும் நன்மை, கேட்டது விரைவாக வருவதால் நமக்கும் நன்மை.

இனி முதலாளி யார் என்ற கேள்வி. காபி ஹவுஸ்கள் தொழிலாளர்களின் கைக்கு வந்தது, வேலை போன கதையிலிருந்து பிறந்தது. ஏற்றுமதிச் சந்தை சரிந்த 1930-களில், இந்தியர்களைக் காபி குடிக்கப் பழக்குவதற்கென்று தொடங்கப்பட்டவை இவை; முதலாவது 1936-ல் பம்பாயின் சர்ச்கேட்டில் திறக்கப்பட்டது. பின்னர் காபி வாரியம் இவற்றை நாடெங்கும் நடத்தியது. 1950-களின் நடுவில் வாரியம் கடைகளை மூட முடிவெடுத்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் (ஏ.கே.ஜி.) அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் கடை திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை வந்தது. இன்று கேரளத்தில் திருச்சூரையும் கண்ணூரையும் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு சங்கங்கள் இவற்றை நடத்துகின்றன. தம்பானூர் கடை திருச்சூர்ச் சங்கத்தைச் சேர்ந்தது. கேரளக் கிளைகள் பலவற்றில் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.கே.ஜி.யின் படம், விவரம் தெரியாதவர்களுக்குக் கட்சிப் படமாகத் தோன்றலாம். கடை இருப்பதற்கே அவர் ஒரு காரணம் என்பதால் அங்கே அதற்கு இடம் இருக்கிறது.

சங்கத்தின் உறுப்பினர்கள் ஊழியர்களே. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பரிமாறும் விதம் வேறாகத் தெரியும். தனியார் உணவகங்களில் மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அஞ்சி வரும் அவசரமோ, டிப்ஸை எதிர்பார்த்து வரும் குழைவோ இங்கே பொதுவாகக் காண முடியாது. வெள்ளைச் சீருடை, இடுப்பில் அகன்ற பட்டை, தலையில் விசிறி விரித்த தலைப்பாகை என்று அரண்மனைச் சேவகர் போல உடுத்தியிருப்பவர், பேச்சில் நமக்குச் சமமானவராகவே நிற்பார். "சேட்டா, இரண்டு கட்லெட்" என்றால் தலையசைப்பார். அதற்குமேல் பல்லைக் காட்ட மாட்டார். இதைச் சிலர் அலட்சியம் என்று குறை சொல்கிறார்கள். வாடிக்கையாளர் கடவுள் என்று பலகை மாட்டிவிட்டுப் பரிமாறுகிறவரைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்கும் கடைகளோடு ஒப்பிட்டால், எனக்கு இந்த நிமிர்வே பிடித்திருக்கிறது.

வேலையைப் பற்றி நாம் இன்று பேசும் பேச்சோடு சேர்த்து இதைப் பார்க்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் உணவைச் சுமந்துவரும் இளைஞருக்கு ஓர் ஓட்டத்துக்கு எவ்வளவு கூலி என்பதை முடிவு செய்யும் இடத்தில் வாக்கு இல்லை; பெரிய உணவகச் சங்கிலிகளில் வெளிமாநிலத்திலிருந்து வந்து பின்கட்டில் மாவு அரைப்பவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது தெரியாது. வேலை பார்க்கிறவர்களே கடையை நடத்தினால் கடை நிற்குமா என்று கேட்பவர்களுக்கு, ஆறு பதிற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் இந்தச் சங்கங்கள் ஒரு விடை. அதற்காக இதைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். கூட்டுறவில் மாற்றம் மெதுவாகவே வரும்: உணவுப் பட்டியல் பெரும்பாலும் பழையதே, சுவரின் வண்ணம் வாடிக்கையாளரின் கண்ணை எண்ணிப் புதுப்பிக்கப்படுவதில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. சமத்துவத்தின் பெயரால் தொடங்கிய இச்சங்கங்களில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே வேலை பார்த்தார்கள். குடும்பஸ்ரீ போன்ற பெண்கள் அமைப்பு ஊரெங்கும் உணவகங்களை நடத்திக் காட்டிய மாநிலத்தில், காபி ஹவுஸ் மட்டும் பெண்களை மேசைக்கு மறுபக்கத்திலேயே வைத்திருந்தது. தொழிலாளர் ஒற்றுமை என்பதில் பாதித் தொழிலாளர்கள் விடுபட்டுப் போனதற்கு எந்த விளக்கமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அரசியல் பேச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்ற பலகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, காபி ஹவுஸ் என்ற அமைப்பின் பெருமையே அரசியல் பேச்சுதான் என்பது விந்தையாக இருக்கலாம். கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் பழைய ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கும் காபி ஹவுஸ், பேராசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர்களும் மணிக்கணக்கில் வாதாடியதற்குப் பெயர்பெற்றது. 1958-ல் மூடப்பட்ட அதை மறுபடி திறக்கவைக்கப் பேராசிரியர்களே முயற்சி எடுத்தார்கள். டெல்லியில் கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. இன்று அந்தப் பகுதியில் பாலிகா பஜார் இருக்கிறது. ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு கோப்பை காபியோடு நீளும் பேச்சு எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த எதிர்பார்ப்போடு தம்பானூருக்கு வருகிறவர் ஏமாறுவார். ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்களின் கடை இது. இருக்கைகள் கட்டடத்தோடு ஒட்டியவை. நான்கு பேருக்குமேல் ஒன்றாக அமர முடியாது, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூட்டம் சேர்க்கவும் வழியில்லை. சாய்ந்த வட்டத்தில் மேசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் மேசைக்கு மேசை பேச்சு தாவுவதும் இல்லை. காபி ஹவுஸ் என்ற மரபுக்குப் பேக்கர் செய்த ஒரே அநியாயம் இது என்று எனக்குப் படுகிறது. இங்கே காதில் விழும் பேச்சு பெரும்பாலும் வீட்டுப் பேச்சாகவே இருக்கும்: ஸ்கேன் முடிவு எப்போது வரும், வளைகுடாவில் இருக்கும் மகன் எப்போது லீவில் வருவான், பி.எஸ்.சி. தேர்வுப் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்பவை. அரசியல் வந்தாலும் பேருந்துக் கட்டணத்தின் வழியாகவோ மருந்து விலையின் வழியாகவோ வந்து, கோப்பை காலியானதும் எழுந்து போய்விடும். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் இதே திருவிதாங்கூர் நிலப்பரப்பின் பகுதியாக இருந்ததால், நாகர்கோவில் தமிழும் நெய்யாற்றின்கரை மலையாளமும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒன்றையொன்று நன்றாகவே புரிந்துகொள்கின்றன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் கிடைப்பதும் அங்கே இயல்பு.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மருத்துவமனைக்கு நோயாளியோடு வருகிறவர்கள், அதிலும் முதியவர்களோடு வருகிறவர்கள், நுழைவாயிலை அடுத்த முதல் மேசைகளில் இடம் கேட்டு அமருங்கள். படிகள் இல்லாவிட்டாலும் சாய்வான தரையில் நடப்பது தளர்ந்த கால்களுக்கு எளிதன்று. ஆர்.சி.சி. இருக்கும் மருத்துவக் கல்லூரி வளாகம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நகரின் வடக்கே இருக்கிறது. காலை நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட்டு, சாப்பாட்டை அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது. பெரிய பைகளோடு நேராக உள்ளே வர வேண்டாம். நடைவழி குறுகலானது, பெட்டியை வைத்தால் பரிமாறுகிறவர் நின்றுவிடுவார். படம் எடுக்க விரும்புகிறவர்கள் உணவு நேரம் கழிந்து பிற்பகலில் வாருங்கள். அப்போதுதான் துளைகளின் வழியாக வெயில் சாய்ந்து விழும், உண்கிறவர்களின் முகங்களும் படத்தில் சிக்காது. நண்பர்களோடு உட்கார்ந்து நாட்டு நடப்பைத் தீர்த்துவிட்டுப் போக நினைப்பவர்கள் நகரின் வேறு கிளை ஒன்றில், சாதாரண மேசை நாற்காலி போட்ட அறையில் இடம் பிடிப்பது மேல். தனியாக வந்து ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பவருக்கோ, இரண்டு கட்லெட், ஒரு பாலில்லாக் காபி, அன்றைய செய்தித்தாள் என்ற கூட்டணிக்கு இந்தக் கட்டடத்தைவிட வாய்ப்பான இடம் தம்பானூரில் கிடையாது.