இரவுச் சோற்றுக்குப் பதில் கோழியும் துவரனும்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு என் நீண்டகால அனுபவம்

கோழியிறைச்சியில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. ஆகவே மாவுச்சத்து குறைந்த கோழி உணவு என்று நாம் பேசும்போது, கோழியைவிட அதன் பக்கத்தில் தட்டில் எதை வைக்கிறோம் என்பதே முதன்மையான கேள்வியாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் கோழிக்கறிக்குத் துணையாக வருபவை சம்பா அரிசிச் சோறு, ஆப்பம், புட்டு, பரோட்டா, அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) ஆகியவைதாம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே எடையுள்ள மரச்சீனிக் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம். வறுத்தரைத்த குழம்பு சுவையாக இருக்கும் நாளில் சோறு எவ்வளவு இறங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் வாரநாள் இரவுகளில் இந்தத் துணையை மட்டும் மாற்றிச் சமைத்து வருகிறேன். எவை நிலைத்தன, எவை கைவிடப்பட்டன என்பதைப் புதிதாக அடுப்படிக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நீரிழிவு உறுதியானபோது, இரவில் சோற்றைக் குறைத்துப் புரதமும் காய்கறியும் கூட்டிக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். நான் மார்த்தாண்டத்தில் வேலை முடித்துத் தக்கலைக்கு அருகிலுள்ள வீட்டுக்கு வந்து சேர ஏழு மணியாகிவிடும். தேநீரும் முட்டைப் பொரியலும் தவிர வேறெதையும் சமைத்துப் பழக்கமில்லாத எனக்கு, எட்டு மணிக்குள் தட்டில் விழக்கூடிய சமையலே தேவைப்பட்டது. அம்மா முதலில் கேட்டது, "மக்களே, சோறு இல்லாம வயிறு எப்பிடி நெறையும்?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. அதற்கான விடை கோழியைவிடத் துவரனிடம், அதாவது தேங்காய் சேர்த்த காய்ப்பொரியலிடம், இருக்கிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் கோழி வாங்குவது பற்றி. புதிதாகச் சமைப்பவர் நெஞ்சுக்கறியைவிட எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கேட்டு வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் நார்நாராக வறண்டுவிடும். தொடைக்கறி அந்த அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது. நாட்டுக்கோழி சுவையில் உயர்ந்ததே என்றாலும், அது குக்கரில் நெடுநேரம் வேக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. வாரநாளுக்கு பிராய்லர் போதும். கடையில் தோல் உரித்து, இரண்டு விரல் அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கு அரைக்கிலோ தாராளம். ஒருவருக்கு 150 கிராம் பச்சைக்கறி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு கிலோவாக வாங்கி இரண்டு டப்பாக்களில் பிரித்து, ஒன்றை உறைபெட்டியில் வைத்துவிட்டு, சமைக்கப்போகும் நாளின் காலையிலேயே அதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், மாலையில் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இத்தனை காலத்தில் மிக அதிகமாகச் சமைத்ததும் வீட்டில் யாரும் சலித்துக்கொள்ளாததும் நல்லமிளகு (கருமிளகு) போட்ட கோழிதான். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரைக்கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி நசுக்கிய இஞ்சியும் வெள்ளைப்பூண்டும், ஒரு தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த நல்லமிளகு, இரண்டு மேசைக்கரண்டி தயிர் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறி வைக்க வேண்டும். காய் நறுக்கித் தேங்காய் துருவி முடிக்கும் நேரமே அது ஊறுவதற்குப் போதும். இரும்புச் சீனிச்சட்டியைக் (வாணலியைக்) காயவைத்து ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றி, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், இரண்டு ஆர்க்கு (இணுக்கு) கறிவேப்பிலை, நீளவாக்கில் அரிந்த ஒரு சிறு வெங்காயம் ஆகியவற்றை வதக்கியபின் கறியைச் சேர்த்து, மூன்று நிமிடம் பெரிய தீயில் கிளற வேண்டும். பிறகு தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் புதியவர்களின் கை தண்ணீர்ச் செம்பைத் தேடும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கறியும் தயிரும் விடுகிற நீரே அதை வேகவைக்கும். எலும்பில்லாத துண்டுகளுக்கு எட்டு முதல் பத்து நிமிடம், எலும்புள்ளவற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். பின்பு மூடியை எடுத்து, தீயைக் கூட்டி, மசாலா கறியோடு ஒட்டி எண்ணெய் மினுங்கும் வரை மூன்று நான்கு நிமிடம் வற்றவிட வேண்டும். அடுப்பை அணைத்தபின் இன்னொரு தேக்கரண்டி மிளகுப்பொடியைத் தூவ வேண்டும். மிளகின் மணம் நெடுநேரச் சூட்டில் போய்விடும் என்பதால் அதை இரண்டாகப் பிரித்துப் போடுகிறோம். இதில் கெட்டியாக்கும் மாவு எதுவும் கிடையாது. கடைகளில் விற்கும் சிக்கன் 65 பொடிகள் பலவற்றில் சோளமாவோ அரிசிமாவோ கலந்திருக்கும். ஒரு மேசைக்கரண்டிச் சோளமாவிலேயே ஏழு கிராமளவு மாவுச்சத்து உண்டு. பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. மிளகும் மல்லியும் வீட்டில் பொடித்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

இனி துவரன். வயிறு நிறைவதற்கு வேண்டியது இடத்தை அடைக்கும் அளவுள்ள காயும் அதிலுள்ள நார்ச்சத்தும் சிறிதளவு கொழுப்பும்தான். இவை மூன்றும் துவரனில் இருக்கின்றன. 100 கிராம் முட்டைகோஸில் ஏறத்தாழ 6 கிராம் மாவுச்சத்துதான். அதிலும் இரண்டரை கிராமளவு நார்ச்சத்து. தேங்காயைப் பற்றிப் பலருக்கும் ஐயம் உண்டு. 100 கிராம் பச்சைத் தேங்காயில் 15 கிராமளவு மாவுச்சத்து இருந்தாலும் அதில் 9 கிராம் நார்ச்சத்தாகவே இருக்கிறது. மூன்று பேருக்கான துவரனுக்கு நாம் போடுவதோ ஒரு கைப்பிடிதான். ஈத்தாமொழித் தேங்காய்க்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு, மாவுச்சத்து குறைந்த சமையலுக்காகத் தேங்காயை விலக்க வேண்டிய தேவை இல்லை. கவனிக்க வேண்டியது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பைத்தான். இதயநோய் உள்ளவர்கள் தேங்காயின் அளவையும் எண்ணெயின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முட்டைகோஸ், பயற்றங்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை என எதுவானாலும் செய்முறை ஒன்றே: கடுகு தாளித்து, காயைப் போட்டு, உப்பிட்டு, மூடி வேகவைத்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சீரகமும் ஒரு பல் பூண்டும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்ததைக் கடைசியில் சேர்த்துக் கிளற வேண்டும். வாழைப்பூவை ஆய்வதற்கு நேரமாகும் என்பதால் அது விடுமுறை நாளுக்கு. முட்டைகோஸோ பத்து நிமிடத்தில் ஆகிவிடும். தொட்டுக்கொள்ளும் கூட்டாக ஒரு கரண்டி வைக்காமல், சோறு வைக்கும் இடத்தில் சோற்றின் அளவுக்கே துவரனை வைக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்தது இந்த அளவு மாற்றத்தில்தான். ஒரு கரண்டித் துவரனோடு கோழியை உண்டுவிட்டுப் படுத்தால் இரவு பத்து மணிக்குப் பசிக்கும். அப்போது கை நேந்திரங்காய் வறுவல் டப்பாவுக்குப் போகும். தட்டில் பாதி காய்கறியாக இருக்கும் நாளில் அப்படி நேர்வதில்லை.

இரண்டாவதாக நிலைத்தது தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி ஸ்டூ. கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பத்தோடு உண்கிற அதே ஸ்டூதான். உருளைக்கிழங்கு மட்டும் இல்லை, அதனிடத்தில் காலிஃபிளவரும் பீன்ஸும். பட்டை, ஏலக்காய், மூன்று கிராம்பு, கீறிய பச்சைமிளகாய், இஞ்சி ஆகியவற்றை எண்ணெயில் பொரித்து, கறியை இரண்டாம் பாலில் வேகவைத்து, இறுதியில் முதற்பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் கிராம்பு கிடைத்தால் மணத்தில் தெளிவான வேறுபாடு தெரியும். காரம் மிகுந்தது என்பதால் மூன்றுக்கு மேல் வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் உண்ணும்படி இருப்பதால் இதற்குத் துணை உணவே தேவைப்படாது. மழைக்கால இரவுகளில் அம்மா விரும்பிக் கேட்பது இதைத்தான். இவை தவிர மிளகுச்சாறு சேர்த்த கோழி சூப்பும், மீந்த கறியைப் பிய்த்துப் போட்டு முட்டையோடு கிளறிய பொரியலும் அவ்வப்போது வந்துபோகும்.

கைவிட்டவற்றையும் சொல்ல வேண்டும். காலிஃபிளவரைத் துருவிச் சோறு போலச் செய்வது வாரநாள் மாலைக்கு ஒத்துவராத வேலை. அது சோற்றை நினைவூட்டுகிறதே தவிரச் சோறாவதில்லை. பாதாம் மாவில் புரட்டிப் பொரிப்பது செலவு மிக்கது, நம் மசாலாவோடும் அது சேரவில்லை. சீஸ் நிறைந்த வெளிநாட்டுச் செய்முறைகள் இரண்டாம் முறையே அம்மாவுக்குத் திகட்டிவிட்டன. இவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று, பிடித்தவர்கள் செய்யலாம். ஆயினும் ஒரு சமையல் முறை ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டுமானால், அதன் பொருள்கள் தக்கலைச் சந்தையிலும் திங்கள்சந்தையிலும் எந்த நாளும் கிடைப்பவையாகவும், அதன் சுவை வீட்டார் சிறுவயது முதல் அறிந்ததாகவும் இருக்க வேண்டும் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

கருவிகளில் இரும்புச் சீனிச்சட்டிக்கு அடுத்தபடியாக எனக்கு மிகவும் உதவியது உணவின் உட்சூட்டைக் காட்டும் ஒரு சிறு வெப்பமானி. கோழி பாதுகாப்பாக வெந்ததற்கு அடையாளம், துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடுவது. தொடக்கத்தில் கறி வெந்ததா வேகவில்லையா என்ற அச்சத்திலேயே கூடுதலாக வேகவைத்துவிடுகிற புதியவர்களுக்கு அந்த எண் பெரிய துணிவைத் தரும். வெப்பமானி இல்லையெனில் மிகப் பெரிய துண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமலும் வடியும் நீர் தெளிவாகவும் இருக்கிறதா என்று உறுதிசெய்து கொள்ளலாம். பச்சைக்கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் நீரோடு கிருமிகளும் மேடையெங்கும் பரவும். கழுவாமல் மனம் ஒப்பாதவர்கள், பாத்திரத்தில் நீர் நிரப்பி மெதுவாக அலசிவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கறி வெட்டிய பலகையில் அப்படியே காய் நறுக்கக் கூடாது.

பயன் என்ன என்று கேட்பார்கள். அம்மாவின் இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு சில மாதங்களிலேயே முன்னைவிடக் குறைந்து நிலைப்பட்டது. அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். இதில் ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளை உண்பவர்களும், மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில்கூட எல்லோரும் சோற்றை விட்டுவிடவில்லை. தம்பி வயல்வேலை முடித்து வருபவன் என்பதால் அவன் தட்டில் சம்பாச் சோறும் இருக்கும். அம்மாவின் தட்டில் இருக்காது. கறியும் துவரனும் இருவருக்கும் ஒன்றே என்பதால் தனித்தனியாகச் சமைக்கும் சுமை எனக்கு இல்லை.

தவக்கால நாள்களில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. அந்த வாரங்களில் கோழியின் இடத்தில் இரண்டு அவித்த முட்டையோ குளச்சலில் இருந்து வரும் மீனோ வரும்; துவரன் அப்படியே இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மாதம் முழுவதும் நல்லமிளகுக் கோழியையும் முட்டைகோஸ் துவரனையும் மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தீயின் அளவும் உப்பின் அளவும் கைக்குப் பிடிபட்டபின் ஸ்டூவுக்குப் போகலாம்.