மூன்வாக்கர்: அண்ணனுக்குச் சாமி படம், மற்றவர்களுக்குப் பாதிப் படம்

பழைய பொருள் கடை ஒன்றில் மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக்கர் புளூரே எட்டு வெள்ளிக்குக் கிடைத்தது. உறை ஓரம் கிழிந்திருந்தது, தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. புளூரே பிளேயர் இன்னும் உயிரோடு இருப்பது சிங்கப்பூர் ஈசூனில் அண்ணன் வீட்டில் மட்டும்தான், அதனால் போன பொது விடுமுறை அன்று மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு அங்கேயே போட்டுவிட்டோம். சோபாவில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், என் மனைவி, ஓரத்தில் நான். படம் முடியும்போது அண்ணி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1993 ஆகஸ்டில் ஜாக்சன் இங்கே சிங்கப்பூருக்கு வந்தார், காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கில் 29ஆம் தேதி, அதாவது தன் 35ஆவது பிறந்தநாளில், ஆடினார். அண்ணனிடம் இருந்ததோ மறுநாள் டிக்கெட். அன்றைக்கு ஜாக்சனுக்குக் கடும் தலைவலி வந்து நிகழ்ச்சியே ரத்தாகி, செப்டம்பர் 1க்குத் தள்ளிப் போனது. செப்டம்பர் 1 இரவு அண்ணனுக்குக் கப்பல் பட்டறையில் ஷிஃப்ட், மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, டிக்கெட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் தாண்டியும் அந்தக் கூட்டாளியின் பேச்சை எடுத்தால் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். இப்படிப்பட்ட ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் இந்தப் படத்தைப் பார்த்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, படம். 1988இல் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அமெரிக்காவில் இது தியேட்டருக்கே வரவில்லை, நேராக வீடியோ கேசட்டாகத்தான் விற்றார்கள், பார்த்தால் ஏன் என்று புரியும். இது படமே இல்லை, ஒரு மூட்டை. முதலில் மேடையில் ஒரு பாட்டு, ரசிகர்கள் மயங்கி விழுகிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் சின்ன வயதிலிருந்து அன்றுவரை அவர் என்னென்ன செய்தார் என்று ஒரு தொகுப்பு. நமக்கு இது புதிதல்ல, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் கூட்டம்தான் நாம். ஆனால் நம் ஹீரோவின் அறிமுகப் பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்து அம்மா சென்டிமென்ட் வந்துவிடும். இங்கே படம் முழுக்க அறிமுகப் பாட்டு.

"மாமா, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று என் மனைவி அண்ணனிடம் கேட்டாள். "வரும்மா, பொறு," என்றார்.

வரவில்லை. அதற்குப் பதிலாகக் களிமண் பொம்மைகள் வந்தன. ஸ்டுடியோ ஒன்றில் ரசிகர் கூட்டம் ஜாக்சனைத் துரத்துகிறது, அவர் முயல் வேஷம் போட்டுத் தப்பிக்கிறார். அந்த ரசிகர்களைப் பாருங்கள், பிதுங்கிய கண்ணும் பெரிய வாயுமாகப் பேய் மாதிரி இருக்கிறார்கள். தன்னைக் கும்பிடுகிறவர்களை இப்படியா காட்டுவது? அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அது தன்னைத்தான் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மொத்தப் படத்திலும் மூளை வேலை செய்த இடம் 'லீவ் மீ அலோன்' பாட்டு. பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டியது மாதிரி ஒரு உலகம், தன்னைப் பற்றி வந்த வதந்தி ஒவ்வொன்றையும் அவரே பொறுக்கி எடுத்துக் கிண்டல் செய்கிறார். நோயால் உடல் உருமாறி 'யானை மனிதன்' என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேயர் ஜோசப் மெரிக்கின் எலும்புக்கூட்டோடு ஆடுகிறார். ஒரு மூக்கு தனியாக ஓடுகிறது, பின்னாலேயே அறுவைக் கத்தி! கடைசியில் கேளிக்கைப் பூங்கா முழுவதும் படுத்துக் கிடக்கும் ஜாக்சனின் உடம்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது, அவர் எழுந்ததும் எல்லாம் பொலபொலவென்று உதிர்கிறது. இதற்குக் கிராமி இசை விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. தற்பெருமைப் படத்தின் நல்ல பகுதி அந்தத் தற்பெருமையையே அவர் நக்கல் அடிக்கும் பகுதி என்றால் என்ன சொல்வது. அதில் அவர் வளர்த்த பபிள்ஸ் குரங்கும் உண்டு. உடனே அண்ணன், 1993இல் ராஃபிள்ஸ் ஹோட்டலில் நம் விலங்குத் தோட்டத்து ஓராங் ஊத்தான் ஆ மெங்கை ஜாக்சன் சந்தித்த கதையை ஆரம்பித்துவிட்டார். ஓராங் ஊத்தானுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

அப்புறம்தான் கதை. போதைப்பொருளைக் குழந்தைகளிடம் பரப்பத் திட்டம் போடும் வில்லனாக ஜோ பெஸ்கி கத்தோ கத்து என்று கத்துகிறார். வில்லனுக்கு ஜாக்சனின் அன்றைய மேனேஜர் ஃபிராங்க் டிலியோவின் பெயரையே புரட்டிப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜாக்சன் காராகிறார், ரோபோவாகிறார், விண்கலமாகிறார், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இதைவிட லாஜிக் மீறியதெல்லாம் கைதட்டிப் பார்த்தவர்கள் நாம், ஆனால் நம் படங்களில் ஹீரோவுக்கு ஒரு தங்கையாவது இருப்பாள்.

இடையில் 'ஸ்மூத் கிரிமினல்'. இதற்காக மட்டும் எட்டு வெள்ளி கொடுக்கலாம். வெள்ளை கோட்டு, வெள்ளைத் தொப்பி, வாசலில் நின்றபடியே ஒரு காசைச் சுண்டுகிறார், அது அறையைக் கடந்து பாட்டுப்பெட்டிக்குள் விழுகிறது. அதுவரை ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த அண்ணன் மகன் நிமிர்ந்தான். உடம்பு விறைப்பாகக் குதிகாலிலிருந்து முன்னால் சாயும் அந்த இடத்தில் ரிமோட்டைப் பிடுங்கி நான்கு முறை திருப்பிப் போட்டான். படத்தில் அது கம்பி கட்டி எடுத்தது. மேடையில் செய்வதற்காகத் தரையிலிருந்து எழும்பும் ஆணியில் குதிகாலை மாட்டிக்கொள்ளும் ஷூவைத் தயாரித்து, 1993 அக்டோபரில் அமெரிக்காவில் ஜாக்சன் பெயரோடு காப்புரிமையும் வாங்கினார்கள்.

மனைவிக்கு இந்தப் பகுதியிலும் மனம் ஒட்டவில்லை. குழந்தைகளோடு அவர் புல்வெளியில் ஓடும் காட்சிகளைப் பார்த்து, "எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க," என்றாள். அண்ணன் முகம் சுருங்கியது. 1993 ஆகஸ்டில் ஜாக்சன் இங்கே ஆடியபோதே, சிறுவன் ஒருவனிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்ற முதல் குற்றச்சாட்டு வெளியே வந்துவிட்டது, 2005இல் வேறொரு வழக்கில் நீதிமன்றம் அவரை விடுவித்தது, அப்புறமும் பேச்சு ஓயவில்லை. அதையெல்லாம் மறந்துவிட்டு இந்தக் காட்சிகளைப் பார்க்க என்னாலும் முடியவில்லை. பார்க்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை.

கடைசிப் பாட்டு பீட்டில்ஸ் பாட்டு. அந்தப் பாட்டுகளின் உரிமை அடங்கிய நிறுவனத்தை 1985இல் 47.5 மில்லியன் டாலருக்கு ஜாக்சன் வாங்கியிருந்தார், படத்தில் வரும் குழந்தைகளில் ஒருவன் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனின் மகன் ஷான். அப்பா பாட்டை வாங்கி மகன் இருக்கும் படத்திலேயே பாடுவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும்.

ரசிகராக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு பாட்டு மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம். நாங்கள் கிளம்பும்போது பையன் ஹாலில் விறைப்பாக நின்று முன்னால் சாயப் பார்த்துக்கொண்டிருந்தான், மூன்று தடவை குப்புற விழப் போனான். நான்காவது தடவை அண்ணன் பின்னால் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "இப்ப சாய்டா."