பலக் கணக்கு தெரிந்த கடை

பாட்டியின் தீபாவளி லேகியச் சீட்டில் கிராம் என்ற சொல்லே கிடையாது. சுக்கு, ஓமம், அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி எல்லாம் ஒவ்வொரு பலம், மிளகு அரைப் பலம், சித்தரத்தை 1 வராகன், வெல்லம் அரை வீசை.

போன வருஷம் நான் குடியிருக்கும் ஊரில் ஒரு கடையில் இதை நீட்டினேன். "பலம்னா நூறு கிராம்க்கா" என்று அங்கிருந்த பையன் பொட்டலம் கட்டிவிட்டான். நானும் சும்மா இல்லை. வீசைதான் கிலோ என்று நினைத்து அரைக் கிலோ வெல்லம் போட்டேன். மருந்துச் சாமான் ஏறக்குறைய மூன்று பங்கு, வெல்லமோ குறைவு. நெல்லிக்காய் அளவு உருண்டையை வாயில் போட்ட என் வீட்டுக்காரர், எண்ணெய் தேய்க்கும் முன்பே வேர்த்துக் குளித்துவிட்டார்.

இந்த வருஷம் கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பெரியவர் சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "பலத்துக்கு 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. அப்போ வெல்லம் 700 கிராம் வேணும்மா." கால்குலேட்டர் பக்கம் கையே போகவில்லை. 1956 சட்டம் வந்து மெட்ரிக் எடைக்கு மாறிய பிறகு வீசைக்கல் வைத்து விற்க முடியாது, பில்லும் கிராமில்தான். கணக்கு மட்டும் அவர் நாக்கில் இருக்கிறது.

சித்தரத்தையில்தான் கொஞ்சம் இழுபறி. கடைத் தராசு 5 கிராம் 5 கிராமாகத்தான் ஏறும், வராகனோ 4.2 கிராம். "32 குன்றிமணி ஒரு வராகன். எண்ணிப் போடட்டுமா?" என்று சிரித்தவர், உள்ளேயிருந்து நகைக்கடைத் தராசு போல ஒன்றை எடுத்து வந்து நிறுத்தார்.

சரக்கு சுத்தம். சுக்கில் ஒரு பூச்சி ஓட்டை இல்லை. விலை கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. பொட்டலத்தில் பெயர் எழுதாமல் கொடுப்பதுதான் எரிச்சல். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்துப் பிரித்தேன்.

நேற்று கிளறியாயிற்று. பதம் சரி, காரமும் சரி. போகிறவர்கள் கூட்டம் சேரும் முன் காலையிலேயே போங்கள். சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். போனில் போட்டோ காட்டினால் அவருக்குக் கண் தெரியவில்லை.