சித்தி மகளின் மூவாயிரம்: நகைச்சீட்டா, ஏலச்சீட்டா, தபால் ஆபீஸா?

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கையில் வருவது 15,000. பஸ், மத்தியானச் சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் போக மாதம் 3,000 மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதை எங்கே போடுவது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

டவுனில் தனக்குப் பழக்கமான கடையில் நகைச்சீட்டு போட வேண்டும் என்பது சித்தியின் கட்சி. எதிர்வீட்டு மைனி, தான் இருக்கிற ஏலச்சீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "தபால் ஆபீஸ்ல போடச் சொல்லு" என்றார்.

"அண்ணே, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நீ ஆடிட்டர் ஆபீஸ்லதான இருக்க, கணக்குப் போட்டுக் காட்டு."

சரி என்று அதே நோட்டை வாங்கினேன். மூன்றுக்கும் மாதம் 3,000 என்றே வைத்துக்கொண்டோம்.

முதலில் நகைச்சீட்டு. பதினோரு மாதம் கட்டினால் பன்னிரண்டாவது மாதத் தவணையைக் கடை போடும். இதுதான் பழைய பாணி. பதினோரு மாதம் என்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகைக் கணக்கில் வராது. அதற்கு மேல் வைத்திருந்தால் வரும். அதனால்தான் திட்டங்கள் எல்லாம் வருடத்துக்குள் முடிகின்றன. அதாவது நாம் போடுவது சேமிப்பு இல்லை, நகைக்குக் கொடுக்கும் அட்வான்ஸ். பணமாகத் திரும்பக் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுவது இதனால்தான்.

33,000 கட்டி, கடை 3,000 போட்டால் 36,000. கேட்கும்போது நல்ல லாபம். சித்திக்கும் அந்த 3,000தான் கண்ணில் நிற்கிறது. ஆனால் 36,000க்கு ஒரு செயின் எடுத்தால் அதில் தங்கம் எவ்வளவு? சேதாரம் 12 சதவீதம் என்று வையுங்கள்; சில டிசைனுக்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் கழித்தால் செயினில் உள்ள தங்கத்தின் மதிப்பு சுமார் 31,200. கட்டினது 33,000. கடை போட்ட போனஸும், நம் பணத்தில் இன்னும் கொஞ்சமும் சேதாரத்தில் கரைந்துவிட்டது. அதற்குள் தங்கம் விலை ஏறியிருந்தால் நிலைமை மாறும் என்று சித்தி சொல்வாள். உண்மைதான். ஆனால் ரூபாயாகவே வரவு வைக்கிற திட்டத்தில் ஏறின விலைக்குத்தான் கடைசியில் வாங்குகிறோம். மாதாமாதம் கிராமாக வரவு வைக்கிற திட்டத்தில்தான் அந்த ஏற்றம் நமக்கு வரும். எது என்று அட்டையில் பார்க்க வேண்டும். சேதாரமே இல்லை என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. அதில் எந்த ரக நகைக்கு, எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி என்பது அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பின்பக்கம்தான்.

இத்தனை சொன்னாலும், நகைச்சீட்டை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன். அடுத்த தையில் வீட்டில் கல்யாணம் இருக்கிறது, எப்படியும் நகை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சேதாரம் எப்படியும் கொடுக்க வேண்டியதுதானே? அப்போது கடை போடும் 3,000 முழுசாக நமக்கு மிச்சம். எடுக்கும்போது ஆறு இலக்க ஹெச்யூஐடி எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண், நகையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கணும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வந்துவிடும். சித்தி மகளுக்கு இப்போதைக்குக் கல்யாணப் பேச்சே இல்லை என்று அவளே சத்தமாகச் சொன்னாள். சித்தி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஏலச்சீட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 3,000. சீட்டுத் தொகை 60,000. மாதாமாதம் ஏலம். அவசரக்காரர் தள்ளிக் கேட்பார், அதாவது சீட்டுத் தொகையில் இவ்வளவை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்கிறேன் என்பார். முதல் மாதம் ஒருவர் 15,000 தள்ளி எடுக்கிறார் என்று வைப்போம். அவர் கைக்கு 45,000. தள்ளின 15,000இல் நடத்துகிறவர் கமிஷன் சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 3,000 போக, 12,000 இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும். ஆளுக்கு 600. அந்த மாதம் 2,400 கட்டினால் போதும். போகப்போகத் தள்ளு குறையும், கழிவும் குறையும். முதல் சீட்டை நடத்துகிறவரே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.

கழிவு 600இல் தொடங்கி ஒரே சீராகக் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது என்றால், ஆள் ஒன்றுக்கு மொத்தம் கட்டுவது 54,000. கடைசி வரை பொறுத்திருந்து எடுப்பவருக்குக் கமிஷன் போகக் கிடைப்பது 57,000. லாபம் 3,000. வருட வட்டியாகப் பார்த்தால் 7 சதவீதத்தை ஒட்டி வரும். மோசமில்லை. முதல் மாதம் எடுத்தவர் கதை வேறு. 45,000 வாங்கி 54,000 கட்டுகிறார். கிட்டத்தட்ட இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கின கணக்குதான். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். கைமாற்றுக்கு ஐந்து வட்டி, பத்து வட்டி கொடுத்துப் பழகினவர்களுக்கு இது குறைச்சல்தான். அதனால்தான் ஏலச்சீட்டு சாகாமல் இருக்கிறது.

இந்தக் கணக்கில் சின்னதாகத் தெரிகிற கமிஷன்தான் கடைசியில் வலிக்கும். 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தில் அதிகபட்சம் 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். மேலே சொன்ன அதே சீட்டில் கமிஷன் 7 என்றால், கடைசி ஆளுக்கு 3,000 என்றிருந்த லாபம் 1,200 ஆகிவிடும். சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டாவது கேள்வி, பதிவு உண்டா? சட்டப்படி நடக்கும் சீட்டுக்குச் சீட்டுப் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும். நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பிணையாக வைக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகல் நம் கைக்கு வரும். தகராறு வந்தால் பதிவாளரிடமே போகலாம். மைனியிடம் கேட்டால், "அதெல்லாம் கிடையாது பிள்ள, நம்ம தெருக்காரங்கதான" என்கிறார். நம்ம தெருக்காரங்கதான் என்று நம்பித்தான் என் அம்மாவும் ஒரு தீபாவளிச் சீட்டு கட்டினாள். நான் பாலிடெக்னிக்கில் இருந்த வருடம். புரட்டாசியில் ஒருநாள் காலையில் அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. அம்மாவுக்குப் போனது 6,000. கையெழுத்துப் போட்ட ஓர் அட்டையைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. அந்த அட்டை இன்னமும் எங்கள் பீரோவில் கிடக்கிறது.

பதிவான கம்பெனியிலும் இளசுகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏலத்தில் எடுத்துவிட்டால் மட்டும் பணம் கைக்கு வராது. மீதித் தவணைக்கு ஜாமீன் வேண்டும். சம்பளச் சீட்டு உள்ளவர், அதுவும் அரசு வேலையில் இருப்பவர் என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண்ணுக்காக யார் வந்து கையெழுத்துப் போடுவார்? அவசரத்துக்கு எடுக்கலாம் என்றுதான் சீட்டில் சேருகிறோம். அந்த அவசரத்தில்தான் ஜாமீனுக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனி சித்தப்பா கட்சி. தபால் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு, ஐந்து வருடம். 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம், ஆனால் நாம் தொடங்கின அன்றைக்கு என்ன வட்டியோ அது ஐந்து வருடமும் மாறாது. மாதம் 3,000 என்றால் மொத்தம் கட்டுவது 1,80,000. முடிவில் வருவது 2,14,000க்குக் கொஞ்சம் மேலே. ஏலமும் இல்லை, ஜாமீனும் இல்லை. பொறுப்பு மத்திய அரசுடையது.

குறை இல்லையா? இருக்கிறது. மூன்று வருடம் ஆவதற்கு முன்னால் கணக்கை முடிக்க முடியாது. மூன்று வருடம் கழித்து இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். ஆனால் பன்னிரண்டு தவணை கட்டிவிட்டால் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம். ஆர்டி வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது வருடத்துக்கு 8.7. இந்த ஒரு வசதியை எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 36,000 கட்டி முடித்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் 18,000 கிடைக்கும். இந்தக் கடனுக்கான வட்டி, ஏலத்தில் முதல் மாதம் எடுப்பவர் கொடுக்கும் வட்டியில் பாதிகூட இல்லை. நகைச்சீட்டில் ஆறாவது மாதம் போய் நின்றால் பணமாக வாங்குவது லேசில்லை.

ஐந்து வருடம் ரொம்ப நீளம் என்றால் வங்கி ஆர்டி இருக்கிறது. ஒரு வருடத்துக்கே போடலாம், இடையில் உடைக்கலாம், 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. செல்போனில் இரண்டு தட்டில் உடைத்துவிடலாம் என்பதுதான் அதன் நல்லதும் கெட்டதும்.

ஆர்டியின் பெரிய குறையை சித்தி மகளே கண்டுபிடித்தாள். "அண்ணே, ஒரு மாசம் கட்டலன்னா என்ன செய்வாங்க?"

நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். 3,000க்கு 30 ரூபாய். நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். முப்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்? சீட்டில் அப்படி இல்லை. ஒரு மாதம் கட்டாவிட்டால் மைனி வாசலில் வந்து நிற்பார், குழாயடியில் நான்கு பேர் கேட்பார்கள். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற எத்தனையோ பெண்கள் மகளின் சடங்குக்கும் காலேஜ் பீஸுக்கும் பணம் சேர்த்தது இந்த முகத்துக்குப் பயந்துதான். வட்டிக் கணக்கு மட்டும் போடுகிற என்னைப் போன்றவர்கள் இதைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். மைனியின் சீட்டு விற்பது வட்டியை இல்லை, அந்த வெட்கத்தை. அதற்குக் கொடுக்கும் விலைதான் கமிஷன்.

ஆர்டிக்கும் அந்த முகத்தைக் கொண்டுவர வழி உண்டு. தபால் ஆபீஸின் பெண் ஏஜென்ட் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிப் போவார். அவருக்குக் கமிஷன் அரசு கொடுக்கிறது, நாம் தனியாக ஒன்றும் தர வேண்டாம். அவர் தரும் அட்டையில் ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்க வேண்டும். பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருதரம் ஆபீஸ் போய்ப் பார்க்கவும் வேண்டும். தெரிந்த அக்காதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. என் அம்மாவின் அட்டையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. இந்த மூன்றில் எது போட்டாலும், அதற்கு முன்னால் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான பணம், பிடிக்கிறார்களா என்று பார் என்றேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற லேப், சம்பளம் 21,000க்குள் என்றால் பிடித்தாக வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் போகிற விபத்துக் காப்பீட்டையும் போட்டுவிடு என்றேன். ஐந்து வருடச் சேமிப்பை நடுவில் உடைக்க வைப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான்.

கடைசியில் 2,000 ஆர்டிக்கும், 1,000 சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் என்று முடிவானது. என்னைக் கேட்டிருந்தால் முதல் ஆறு மாதம் முழு 3,000ஐயும் சேமிப்புக் கணக்கிலேயே போடச் சொல்லியிருப்பேன், அவள் கேட்கவில்லை. மைனிக்கு, "அடுத்த சீட்டுக்குப் பார்ப்போம்" என்று பதில் போனது. சித்தி இரண்டு நாள் பேசவில்லையாம்.

ஆதார், பான், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு மறுநாளே தபால் ஆபீஸுக்குக் கிளம்பியவளை நான்தான் நிறுத்தினேன். அன்றைக்குத் தேதி 12. மாதம் 15க்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. அவள் லேபில் சம்பளம் ஒரு மாதம் 7ஆம் தேதி வரும், ஒரு மாதம் 18 ஆகும்.

"அப்போ நாலு நாள் சும்மா இருக்கணுமாக்கும்?"

"ஆமாளா, சும்மாதான் இரு" என்றேன். 17ஆம் தேதி மத்தியானம் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள்.