மகளிர் சிறப்பிதழுக்கு அனுப்பிய கதை விற்பனைக்கு வந்தது: எழுதும் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

பல ஆண்டுகளாக இணைய இதழ்களுக்குக் கவிதை, சிறுகதை, கட்டுரை என்று எழுதி வருகிறேன். பெரும்பாலான இதழ்களில் சன்மானம் கிடையாது. அது தெரிந்தேதான் அனுப்புகிறோம். ஆசிரியர் கவனமாகப் படித்து, ஒற்றுப்பிழை திருத்தி, நாம் எழுதிய வடிவம் கெடாமல் வெளியிட்டால் மனம் நிறைந்துவிடும். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் பலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது அல்ல. மகளிர் சிறப்பிதழ் என்று அழைப்பு விடுத்து, வந்த படைப்புகளை எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புத்தகமாக்கி விற்கும் ஓர் இதழைப் பற்றியது.

அந்தச் சிறப்பிதழுக்கு ஒரு சிறுகதையும் சில கவிதைகளும் அனுப்பினேன். ‘படைப்புகள் அனுப்ப’ என்ற பக்கத்தில் அன்று இருந்த வாசகம்: “படைப்பின் உரிமை படைப்பாளருக்கே.” படைப்புகள் வெளியாயின. பிறகு ஒருநாள், முன்பின் அறியாத வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “உங்கள் கதையைத் தொகுப்பில் படித்தேன். கடைசியில் அவள் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.”

தூக்கிவாரிப் போட்டது. எந்தத் தொகுப்பு? என் கதையில் அவள் திரும்பவே இல்லையே!

தேடிப் பார்த்தபோது மின்னூலாகவும் அச்சுநூலாகவும் விற்பனையில் இருந்தது. அட்டையில் தொகுப்பாசிரியரின் பெயர் மட்டும். எழுதிய பெண்களின் பெயர்கள் உள்ளே, பொருளடக்கத்தில். என் கதை இப்படி முடியும்: “சாவியை மேசைமேல் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.” அவர்கள் அதன்கீழ் ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். தெருமுனை வரை போனவளுக்குப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வருகிறதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடக்கிறாளாம். அந்தக் கதையை நான் எழுதியதே அவள் படியிறங்கும் அந்த ஓர் அடிக்காகத்தான். அதை அழித்துவிட்டு, அதன்மேல் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கவிதையின் வரிகளை ஒன்றோடொன்று ஒட்டி உரைநடைப் பத்தியாக்கியிருந்தார்கள். இன்னொரு கவிதையில் ஒரு பகுதியையே காணோம். முகப்பை அடுத்த பக்கத்திலோ, “அனைத்து உரிமைகளும் தொகுப்பாசிரியருக்கே. அனுமதியின்றி எந்தப் பகுதியையும் மறுபதிப்புச் செய்யக் கூடாது.”

ஆசிரியரிடம் கேட்டேன். “சகோதரி, உங்களைப் போன்றவர்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்ததே நாங்கள்தான். புத்தகத்தில் பெயர் வந்ததற்கு மகிழாமல் கணக்குக் கேட்கிறீர்களே” என்று பதில் வந்தது. முடிவை ஏன் மாற்றினீர்கள் என்றதற்கு, “குடும்பங்கள் படிக்கும் நூல்” என்றார். கடைசியாக, “எங்கள் விதிமுறையைப் படித்துப் பாருங்கள்” என்றார். போய்ப் பார்த்தால், அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் இதழுக்கே என்று வாசகம் மாறியிருந்தது. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதே பக்கத்தைத் தேடினேன். நான் அனுப்பிய காலத்து நகலில் பழைய வாசகம் அப்படியே இருந்தது. அதை அனுப்பியதும் பதில்கள் நின்றன. பங்களிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கினார்கள்.

அதன்பிறகுதான் மற்ற பெண்கள் தனித்தனியாகப் பேசத் தொடங்கினார்கள். ஒருவரிடம், தொகுப்பில் இடம்பெற வேண்டுமானால் இத்தனை பிரதிகளை நீங்களே வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவருக்குச் சிறந்த படைப்பாளர் விருது அறிவித்து, பதிவுக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் புனைபெயரில் எழுதிவந்த ஒருவருடைய சொந்தப் பெயரையும் புகைப்படத்தையும் விருது அறிவிப்பில் போட்டுவிட்டார்கள். அவர் இப்போது எழுதுவதில்லை. எனக்கு நேர்ந்ததைவிட இதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இந்த ஆட்கள் நம்பியிருப்பது நம்மில் பலருக்குச் சட்டம் தெரியாது என்பதை மட்டுமே. படைப்பை எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. இலவசமாக வெளியிடக் கொடுத்ததால் அது கைமாறியும் விடாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் இது பொது. எழுதியவர் மறைந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். பல நாடுகளில் அதைவிடக் கூடுதல். 1928இல் அந்த உடன்படிக்கையில் இன்னொன்றும் சேர்ந்தது: படைப்பை வெளியிட்டு வருவாய் ஈட்டும் பொருளாதார உரிமையை விற்றுவிட்டால்கூட, தன் பெயரைக் கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைத் திரிப்பதை எதிர்க்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. என் கதைக்கு ஒட்டுப்போட்ட அந்தப் பத்தி இதற்குள் வருகிறது.

“ஐஎஸ்பிஎன் எண்ணுடன் வருகிறது” என்று பெருமையாகச் சொல்வார்கள். 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண் ஒரு நூலை அடையாளம் காண மட்டுமே. அது தரச் சான்றிதழும் அல்ல, உரிமைப் பத்திரமும் அல்ல.

இப்போது படைப்பு அனுப்பும்போது மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறேன்: இந்த இதழில் ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எதற்கும் தனியாக எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும், பிழைதிருத்தம் தவிர்ந்த மாற்றங்களை எனக்குக் காட்டிய பிறகே வெளியிட வேண்டும். நேர்மையான ஆசிரியர் எவரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. விதிமுறைப் பக்கத்தையும் அன்றே தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தொகுப்புக்கு அழைப்பு வந்தால் ராயல்டி உண்டா, எழுதியவருக்கு எத்தனை பிரதி, அட்டையில் யார் பெயர் என்று கேளுங்கள். கேட்டவுடன் குரல் மாறினால், “மேடை” என்ற சொல் வந்தால், படைப்பைத் திரும்பப் பெறுங்கள். பணம் கட்டச் சொன்னால் பேச்சே வேண்டாம்.

மின்னூலை விற்ற தளத்துக்கு என் மூலக் கோப்பு, மின்னஞ்சல்கள், பழைய விதிமுறையின் நகல் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் அனுப்பினேன். அங்கிருந்து நூலை எடுத்துவிட்டார்கள். அச்சுப் பிரதிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதே இதழிலிருந்து அடுத்த சிறப்பிதழுக்கு அழைப்பு சுற்றிவருவதாகக் கேள்விப்பட்டதால்தான் இப்போதே இதை எழுதுகிறேன். அந்தத் தொகுப்பில் உங்கள் படைப்பும் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பொருளடக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.