இரண்டே டைல்ஸ் உடைத்துக் கசிவைப் பிடித்த பிளம்பர்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு அப்பா கட்டியது. போன மாதம் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர ஆரம்பித்தது. பிளம்பர் கிடைக்கவே 12 நாள் ஆனது. ஒருவர் "நாளைக்கு வர்றேன்" என்றே ஒரு வாரம் ஓட்டினார். இன்னொருவர் வாசற்படியில் நின்றபடியே, எல்லா டைல்ஸையும் பெயர்க்க வேண்டும், 35 ஆயிரம் ஆகும் என்றார்.

கடைசியில் மின்ட் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் இந்த அண்ணனின் நம்பர் கிடைத்தது. 9 மணிக்கு வருவதாகச் சொல்லி 11.30-க்குத்தான் வந்தார், போனாவது செய்திருக்கலாம். ஆனால் வந்ததும் கேட்டார் பாருங்கள்: "எப்பவும் கசியுதாம்மா, கீசர் போட்டா மட்டும் அதிகமாகுதா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, சாண் சாணாக நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று என்னையும் கேட்கச் சொன்னார். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். கசிவைப் பார்க்க அங்கே இரண்டு டைல்ஸை மட்டும் உடைத்தார்.

உள்ளே பச்சைத் தண்ணீருக்குப் போடும் வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் பைப். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி மாதிரி சூடு தாங்கும் பைப்தான் போட வேண்டும். சிபிவிசி 90 டிகிரி வரை தாங்கும். வெள்ளைப் பைப் 60-ஐத் தாண்டினாலே இளகும். முன்பு வேலை செய்தவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பூசிவிட்டார். பிறகு கீசர் லைன் நெடுகச் சுவரைத் திறந்து முழுக்க மாற்ற கூலி 1,800. சாமானுக்குக் கடை பில்லையே கொடுத்தார். டைல்ஸ் பதிக்க மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

கூட வந்த பையன் கொருக்குப்பேட்டை. ஐடிஐயில் ஒரு வருட பிளம்பர் படிப்பு முடித்தவன். இவனுக்கு முன் வருடக்கணக்கில் அண்ணனுக்கு உதவிக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "பிளம்பர்னா பொண்ணு தரமாட்டாங்கன்னு வீட்லயே தடுத்துடுறாங்கம்மா" என்றார் அண்ணன். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில் துருப்பிடித்த பழைய ஜிஐ இரும்பு பைப். மீதியை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வேலை வற்றவே வற்றாது. பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

புதுப் பைப்பை ஒட்டியதும் பூசிவிடாமல், ஒரு ராத்திரி சுவர் திறந்தே இருக்கட்டும் என்றார்கள். மறுநாள் காலை பையன் மட்டும் வந்தான். செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி எடுத்து என்னிடம் காட்டினான்.

"காஞ்சிருக்குக்கா. பூசிக்கலாம்."