சுப்பர்சார்ஜர் வண்டிக்குப் புல்லி மாத்தி டியூன் போடப் போறவங்க கவனம்! என் 385,000 ரூபா போச்சு

மலைநாட்டுல சுப்பர்சார்ஜர் வண்டி வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா வாசிங்க. ஏப்ரல் சீசன் கிட்ட வருது. மஹகஸ்தோட்டையிலயும் ரதெல்லயிலயும் ஹில் கிளைம்ப் பார்த்த கையோட நம்ம வண்டிக்கும் ஏதாவது செய்யணும்னு தோணுற நேரம். அந்த ஆசையை வச்சுத்தான் இவனுங்க காசு பார்க்கிறானுங்க. என்கிட்ட இருந்து போனது 385,000 ரூபா. சீட்டு எடுத்த காசு.

கராஜ் பேரைப் போடல. நுவரெலியா பக்கம், மொடிஃபிகேஷன் வேலை மட்டும் செய்யிற ஒரு இடம். அவ்வளவு போதும்.

என் வண்டி 2005 மினி கூப்பர் எஸ். 1.6 லீட்டர் எஞ்சின், ஈட்டன் எம்45 சுப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற பம்ப். டர்போவைப் புகை சுத்த வைக்கும், சுப்பர்சார்ஜரை எஞ்சின் பெல்ட் சுத்த வைக்கும். சார்ஜர் புல்லியை, அதாவது அந்த பெல்ட் ஓடுற சக்கரத்தை, சின்னதாக்கினா அது இன்னும் வேகமாச் சுத்தி, கூடுதல் காத்தை உள்ள தள்ளும். அந்தக் காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் ஸ்பார்க் டைமிங்கும் மாறணும். அதுக்குத்தான் ஈசியூ டியூன், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரோட ஃபைலை மாத்துறது. பில்லுல எல்லாம் அழகா எழுதியிருக்கு: 15 வீதம் சின்னப் புல்லி, பெல்ட், பிளக், ஈசியூ டியூன், கூலி. மொத்தம் 385,000.

நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன். வேலை முடிஞ்ச அன்னைக்கு ஓனர் பிளேன்டீ குடுத்து, பக்கத்துல உட்கார வச்சு, லெப்டொப்பைத் திருப்பி ஒரு கிராஃப் காட்டினாரு. "பழைய கோடு இது, புதுக் கோடு இது, பாருங்க தம்பி." அப்புறம் என்னைப் பக்கத்து சீட்ல ஏத்திக்கிட்டு கந்தப்பளை ரோட்ல அவரே ஓட்டினாரு. சார்ஜர் விசில் மாதிரி கத்துது, வண்டி பறக்குது. டேஷ்போர்டைத் தட்டிக் காட்டி, "ஒரு லைட் வருதா பாருங்க. என் கையால போன வண்டிக்கு லைட் வந்த சரித்திரமே இல்ல தம்பி"ன்னாரு. கீழ இறங்கி மிச்சக் காசையும் எண்ணிக் குடுத்தேன்.

கட்டார்ல இருந்து வந்த அக்காவைக் கூட்டிட்டு வர கட்டுநாயக்கா போனேன். எக்ஸ்பிரஸ்வேயில ஏறி அக்செலரேட்டரை முழுசா மிதிச்சதும் மஞ்சள் எஞ்சின் லைட். அடுத்த நொடி பவர் செத்துப் போச்சு. எவ்வளவு மிதிச்சாலும் ஏறல. பின்னால வந்த பஸ்காரன் ஹோர்னை விடாம அடிக்கிறான். எப்படியோ ஓரம் கட்டினேன். அன்னைக்கு ஏதாவது நடந்திருந்தா யார் பதில் சொல்றது?

நீர்கொழும்புல ஒரு கடையில ஸ்கேன் பண்ணினா கோட் பி0234. சுப்பர்சார்ஜர் பூஸ்ட், அதாவது உள்ள தள்ளுற காத்தோட அழுத்தம், அளவுக்கு மேல போயிடுச்சு, அதனால எஞ்சினைக் காப்பாத்த ஈசியூ பவரைக் குறைச்சிடுச்சு.

உடனே கோல் எடுத்தேன். "கொழும்புப் பெட்ரோல் சரியில்ல தம்பி, 95 ஒக்டேன் அடிங்க"ன்னாரு. நான் அடிக்கிறதே 95. அடுத்த தடவை "சென்சர் பழசு". அதுக்கு அடுத்து சொன்னதுதான் என்னால மறக்க முடியல: "நீங்க மலையில தானே ஓட்டுறீங்க, மேல லைட் வராது, ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" சண்டை போட்ட பிறகு வண்டியை வாங்கி வச்சு, "சென்சர் சரி பண்ணியாச்சு"ன்னு திருப்பிக் குடுத்தாங்க. லைட் வரல, உண்மை. ஆனா கடுகண்ணாவை ஏத்தத்துல எஞ்சினுக்குள்ள இருந்து கிணிகிணின்னு நொக்கிங் சத்தம். முன்ன இருந்ததே இல்ல.

பயந்துபோய் கண்டியில வேற ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன். அவர் என் கண் முன்னாலயே ஒவ்வொண்ணாக் கழட்டினாரு. எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கிற மெனிஃபோல்ட் பிரஷர் சென்சருக்குப் போற வயரைக் கத்தரிச்சு, நடுவுல அரிசி சைஸ்ல ஒரு டயோட்டை ஈயம் வச்சு ஒட்டி, மேல கறுப்பு டேப் சுத்தியிருக்கானுங்க! பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் ஒரு அளவுக்கு மேல வோல்டேஜ் ஈசியூவுக்குப் போகாது. அதனால லைட் வராது. ஆனா இந்த எஞ்சின்ல ஈசியூ பெட்ரோல் கணக்குப் போடுறதே அந்தச் சென்சரை வச்சுத்தான். காத்து கூட, பெட்ரோல் குறைவு, எஞ்சின் உள்ள அளவுக்கு மீறிச் சூடு. பிளக்கைக் கழட்டினா வெள்ளைப் பீங்கான்ல பொடிப் பொடியா மினுங்குது. "இது உங்க பிஸ்டன் அலுமினியம் தம்பி"ன்னாரு. வயிறு கலங்கிடுச்சு.

புல்லியை வேர்னியர் வச்சு அளந்தாரு: 15 வீதம் இல்ல, 19 வீதம். ஈசியூ ஃபைலை எடுத்து கம்பெனி ஃபைலோட ஒப்பிட்டாரு: ஒரு எழுத்துகூட மாறல. டியூனே போடல. அப்போ அந்த லெப்டொப் கிராஃப் யாருடைய வண்டியோடது?

மேல ஏன் லைட் வரலன்னும் அவர்தான் விளங்கப்படுத்தினாரு. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். கொழும்புக் காத்தழுத்தத்துல ஏறக்குறைய அஞ்சுல நாலு பங்குதான் அங்க இருக்கு. சார்ஜர் உள்ள வர்ற காத்தை இத்தனை மடங்குன்னு அழுத்தும். வர்ற காத்தே ஐதா இருந்தா மெனிஃபோல்ட் அழுத்தமும் குறையும், ஈசியூ லிமிட்டைத் தொடாது. அதே புல்லி கடல் மட்டத்துக்கு இறங்கினா லிமிட்டைத் தாண்டும். கந்தப்பளை ரோட்ல என்னை வச்சு ஓட்டிக் காட்டின மனுஷனுக்கு இது தெரியாதா? தொழிலே அதுதானே!

ஃபோட்டோ எல்லாம் வட்ஸ்அப்ல அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நேர்ல போனா ஒரு சின்னப் பொடியன் வந்து "சேர் கொழும்பு போயிட்டாரு". ஓனரோட வண்டி உள்ள நிக்குது. இப்போ என் நம்பரை ப்ளொக் பண்ணியாச்சு. 385,000 ரூபா வாங்கின வாய், ஒரு "சொரி" கூடச் சொல்லல.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துல முறைப்பாடு எழுதிட்டு இருக்கேன். வேலை செஞ்ச நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், அதை மறக்காதீங்க. "அடுத்த வாரம் வாங்க தம்பி"ன்னு இழுத்தடிக்கிறது அந்த மூணு மாசத்தை ஓட்டத்தான். அவங்க ஹொட்லைன் 1977.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னு தான் உட்கார்ந்தேன், இப்போ கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்றேன். மேல செஞ்ச வேலையை மேலயே டெஸ்ட் பண்ணி மிச்சக் காசைக் குடுக்காதீங்க, அவிசாவளைக்காவது இறக்கி முழு அக்செலரேட்டர்ல ஓட்டிப் பாருங்க. டியூன் போட்டா பழைய ஃபைல், புது ஃபைல் ரெண்டையும் பென் டிரைவ்ல கேட்டு வாங்குங்க. பூஸ்ட் லைட் வந்து, கராஜ்காரன் "சரி பண்ணியாச்சு"ன்னா பிரஷர் சென்சர் வயரைக் கையால தடவிப் பாருங்க. புது டேப் சுத்தியிருந்தா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஏத்தி வேற இடத்துக்குக் கொண்டு போங்க.